காட்டு ரோஸ் ஹிப் ஊறல்: நிறமும் இல்லை, புளிப்பும் இல்லை, தொண்டை வேறு அரிக்கிறது

வேலியோரம் (கேள்வி)

காட்டு ரோஜாப் புதர்களில் பறித்த ரோஸ் ஹிப், அதாவது பூ உதிர்ந்தபின் வரும் சிவப்புக் காய், ஒன்றரைக் கிலோ இருக்கிறது. பாதியைப் பச்சையாக ஊறல் போட்டுக் குடிக்கவும், மீதியை உலர்த்தி வைத்துக்கொள்ளவும் திட்டம். இரண்டுமே சொதப்பல். செய்தது இதுதான்.

பச்சை: 100 கிராம் காயைக் கழுவி, மிக்ஸியில் நைசாக அரைத்து, அரை மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு, 1 லிட்டர் தண்ணீரில் சேர்த்து மூடாமல் 25 நிமிடம் கொதிக்கவிட்டேன். டீ வடிகட்டியில் வடித்தேன். வெளிறிய ஆரஞ்சு நிறம்தான் வந்தது. பாக்கெட்டில் வரும் ரோஸ் ஹிப் டீயின் சிவப்பும் இல்லை, அந்தப் புளிப்பும் இல்லை. குடித்ததும் தொண்டையில் ஒரு கரகரப்பு, இரண்டு மணி நேரம் போகவில்லை.

உலர்த்தியது: முழுக் காயாகத் தட்டில் பரப்பி நிழலில் 9 நாள். தோல் சுருங்கி, தட்டினால் சத்தம் வந்தது. காய்ந்துவிட்டது என்று பாட்டிலில் போட்டு மூடினேன். ஒரு வாரம் கழித்து உடைத்துப் பார்த்தால் நாலில் ஒன்று உள்ளே சாம்பல் பூத்திருக்கிறது.

கேட்க வேண்டியவை: விதையை எடுத்தே ஆக வேண்டுமா? கொதிக்கவிட்டால் வைட்டமின் சி போய்விடும் என்கிறார்கள், அப்படியானால் எத்தனை சூட்டில் ஊற வைப்பது? பூத்த காய்களைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியைப் பயன்படுத்தலாமா? பாட்டிலில் இல்லாத காய் இன்னும் 600 கிராம் ஃப்ரீசரில் இருக்கிறது, அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

---

சல்லடை

தொண்டைக் கரகரப்புக்குக் காரணம் சுணை. மற்றதை எல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

ஒரு காயை நெடுக்காக வெட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளியே சிவப்பாக ஒரு சதைக்கூடு. உண்மையில் அது பூவின் அடிக்கிண்ணம் தடித்து வளர்ந்தது. நாம் விதை என்று சொல்பவைதான் தாவரக் கணக்கில் கனிகள். அவற்றைச் சுற்றியும் கூட்டின் உட்சுவர் முழுக்கவும் வெள்ளையாக மயிர் அடர்ந்திருக்கும், அதுதான் சுணை. நெல் தூற்றும்போது மேலில் ஒட்டி அரிக்குமே, அதே குணம். நஞ்சு எதுவும் இல்லை. நுனி கூராக இருப்பதால் வாய், தொண்டை, குடல் என்று போகிற வழியெல்லாம் குத்துகிறது, அவ்வளவுதான். குறும்புக்காரர்கள் முதுகில் போடும் அரிப்புப் பொடியே இந்தச் சுணையில் செய்வதுண்டு.

முழுக் காயை மிக்ஸியில் நைசாக அரைத்தால் சுணை சின்னச் சின்னத் துண்டாகி நீரெங்கும் கலந்துவிடும். டீ வடிகட்டியின் கண்ணில் அது நெடுக்குவாட்டில் நுழைந்து போய்விடும். நீங்கள் குடித்தது சுணை மிதக்கும் நீர்.

எடுப்பதற்கு இரண்டு வழி உண்டு.

பச்சையில் எடுப்பது: காம்பையும் நுனியையும் கத்தரித்து, நெடுக்காக இரண்டாக வெட்டி, ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் முக்கிப் பிடித்தபடியே சின்னக் கரண்டியின் காம்பு முனையால் சுரண்ட வேண்டும். தண்ணீருக்கு வெளியே சுரண்டினால் சுணை விரலிடுக்கில் ஏறி, இரவு வரை அரிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தேய்க்க வேண்டாம். சுரண்டிய கூட்டை இரண்டு முறை அலசிவிட்டு, விரல் நுனியால் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். வெல்வெட் மாதிரி இருந்தால் இன்னும் சுணை பாக்கி, வழவழவென்று இருந்தால் முடிந்தது. காயின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விதையும் சுணையுமாகக் கழியும். 600 கிராமுக்கு 400 கிராம் கூடு கிடைத்தால் சரியான கணக்கு. ஃப்ரீசர் காயாக இருந்தால் முழுதும் இளகும் முன், பாதி இறுகியிருக்கும்போதே வெட்டுங்கள். இளகிவிட்டால் கொழகொழத்துச் சதையும் சுணையும் ஒன்றோடொன்று கலந்துபோகும்.

உலர்ந்தபின் எடுப்பது: வேலை இதில் கால்வாசிதான். விதையோடு இரண்டாக வெட்டி, நொறுங்கும் பதத்துக்கு உலர்த்தி, மிக்ஸியை விட்டுவிட்டு 3, 4 விநாடி மட்டும் ஓட்டுங்கள். கொரகொரப்பாக உடைந்தால் போதும். ரவை சலிக்கும் கண்ணளவுள்ள சல்லடையில் கொட்டி ஆட்டினால் சுணையும் தூசும் கீழே விழும், கூட்டுத் துண்டும் விதையும் மேலே நிற்கும். விதை கொஞ்சம் கலந்திருந்தால் கெடுதல் இல்லை. சல்லடைக்குக் கீழே பஞ்சு மாதிரிப் பழுப்புத் தூள் விழுவது நிற்கும் வரை ஆட்டுங்கள். முகக் கவசம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், வெளியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு செய்யுங்கள். துண்டு கொஞ்சம் நமுத்திருந்தாலும் சுணை ஒட்டிக்கொண்டு விழவே விழாது. அப்படியானால் குற்றம் சல்லடையில் இல்லை, காய் காயவில்லை என்று அர்த்தம்.

வடிப்பது: எந்த வழியில் எடுத்திருந்தாலும் கடைசியில் ஒரு நெருக்கமான தடை வேண்டும். காபி வடிகட்டும் தாள், இல்லையென்றால் நெருக்கமாக நெய்த மெல்லிய துணியை இரண்டாக மடித்தது. முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். முதலில் இறங்கும் அரை டம்ளரைத் திரும்ப மேலே ஊற்றிவிடுங்கள், அதற்குள் துணியில் சக்கை படிந்து அதுவே நுண்ணிய வடிகட்டியாகிவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆரஞ்சு வரத்து குறைந்த பிரிட்டனில், வேலிகளில் பறித்த ரோஸ் ஹிப்பைச் சிரப்பாக்க மக்களிடையே பரப்பிய செய்முறையிலும் இந்தத் திருப்பி ஊற்றும் படி உண்டு. சொட்டுச் சொட்டாக இறங்குகிறதே என்று துணியைப் பிழிந்தால் செய்த வேலை அத்தனையும் வீண். அழுத்தத்தில் சுணை நூலிடுக்கில் புகுந்து வெளியே வந்துவிடும்.

---

கொதிநிலை

சல்லடை சொன்னதற்கு மேல் சுணையைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. நிறம், புளிப்பு, சூடு மூன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நிறத்தில் நீங்கள் தவறே செய்யவில்லை. ரோஸ் ஹிப்பின் சிவப்பு லைக்கோபீன், பீட்டா கரோட்டின் வகை நிறமிகளால் வருவது. தக்காளி, கேரட்டில் இருப்பவையும் இவையே. இவை கொழுப்பில் கரையும், நீரில் கரையாது. அதனால் சிவப்பு சக்கையிலேயே தங்கிவிடும், ஊறலுக்கு வைக்கோல் மஞ்சள் முதல் வெளிர் ஆரஞ்சு வரைதான் வரும். பாக்கெட் டீயின் ரத்தச் சிவப்பும் பல் கூசும் புளிப்பும் பெரும்பாலும் ஹைபிஸ்கஸ் கலந்ததால் வருவது, அதாவது சிவப்புப் புளிச்சையின் காய்ந்த புல்லி இதழ். பாக்கெட்டின் பின்பக்கம் பொருள் பட்டியலில் பாருங்கள், பல கலவைகளில் அதுதான் முதலில் நிற்கும். அந்த நிறம்தான் வேண்டுமென்றால் 3 பங்கு ரோஸ் ஹிப்புக்கு 1 பங்கு ஹைபிஸ்கஸ் சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் ரோஸ் ஹிப்பின் மணம் மூழ்கிவிடும்.

புளிப்பும் மணமும் குறைந்ததற்கு இரண்டு காரணம். 100 கிராம் முழுக் காயில் கூடு 65, 70 கிராம்தான். அதற்கு 1 லிட்டர் தண்ணீர் அதிகம். இன்னொன்று, கொதித்த 25 நிமிடத்தில் மணம் முழுவதும் ஆவியோடு போய்விட்டது.

வைட்டமின் சி விஷயத்தில் எல்லோரும் சூட்டை மட்டும் திட்டுகிறார்கள். அதைவிடப் பெரிய எதிரி அரைத்துவிட்டு அரை மணி நேரம் வைத்தது. காயை வெட்டியதும் செல்கள் உடைந்து, வைட்டமின் சி-யை ஆக்சிஜனோடு சேர்க்கும் நொதி வெளியே வருகிறது. மிக்ஸி அதில் காற்றையும் அடித்துக் கலக்கிவிடுகிறது. அந்த நொதியை அடக்குவது கொதிநீர்தான். ஆகவே பச்சைக் காயென்றால் தண்ணீர் முதலில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்க வேண்டும், வெட்டிய கூட்டை உடனே அதில் போட வேண்டும், மறுபடி கொதி வந்ததும் அடுப்பை அணைத்து மூடிவிட வேண்டும். 15 நிமிடம் அப்படியே ஊறட்டும். ஃப்ரீசர் காயைச் சுத்தம் செய்ததும் இளக விடாமல் நேரே கொதிநீருக்கு அனுப்புங்கள். இளகும் நேரத்தில்தான் நொதி விழித்துக்கொள்ளும்.

அளவு:

பச்சைக் கூடு 25 கிராம், தண்ணீர் 250 மி.லி. கொதிநீரில் போட்டு அணைத்து, மூடி 15 நிமிடம்.

உலர்ந்த துண்டு 2.5 முதல் 3 கிராம், தண்ணீர் 200 மி.லி. மூடி 10 முதல் 15 நிமிடம். கரண்டிக் கணக்கு வேண்டாம். கொரகொரப்புக்குத் தக்கபடி ஒரு தேக்கரண்டியில் 2 கிராமும் நிற்கும், 4 கிராமும் நிற்கும். தராசு வைத்துக்கொள்ளுங்கள்.

கஷாயமாக வேண்டுமென்றால் உலர்ந்தது 15 கிராம், தண்ணீர் 500 மி.லி., சிம்மில் 10 நிமிடம், மூடியோடு. பெக்டின் (ஜாமை இறுக்கும் பழப் பசை) இறங்கி நீர் லேசாகக் கெட்டியாகும், சுவையும் கனமாக இருக்கும், வைட்டமின் கொஞ்சம் குறையும். குளிருக்கு இதமாகக் குடிக்க இதுவே நல்லது என்பது என் கட்சி. வைட்டமினுக்காகவே குடிப்பவர்கள் முதல் இரண்டில் நிற்கட்டும்.

பாத்திரம் எவர்சில்வர், கண்ணாடி, எனாமல் இவற்றில் எதுவும் இருக்கலாம். செம்பும் இரும்பும் வேண்டாம். செம்பு துளி கரைந்தாலே வைட்டமின் சி சிதைவதை முடுக்கிவிடும். இரும்பில் துவர்ப்புச் சத்து சேர்ந்து நீர் கறுக்கும். பூச்சில்லாத அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும்.

ஒருமுறை ஊறிய சக்கையைக் கொட்டாதீர்கள். பாதி அளவு தண்ணீர் விட்டுச் சிம்மில் 10 நிமிடம் வைத்தால் இரண்டாம் ஊறல் கிடைக்கும், மணம் குறைவு, துவர்ப்பு கொஞ்சம் கூட.

---

முள்ளும்மலரும்

பறித்ததைப் பற்றி யாருமே கேட்கலையே, அதையும் சொல்லிடுறேன்.

ரோஸ் ஹிப்பில நஞ்சுள்ள வகைன்னு ஒண்ணு கிடையாது. ஆனா அதே வேலியில வேற சிவப்புப் பழமும் தொங்கும். முக்கியமா பிரையனின்னு ஒரு கொடி, ரோஜாப் புதர் மேலயே ஏறிப் படர்ந்து பளபளன்னு சிவப்பா காய்ச்சிருக்கும், நஞ்சு. கொத்தா உருவிப் பறிக்கிறவங்க கூடையில அதுவும் சேர்ந்து வந்துடும். நைட்ஷேட் கொடியும் அப்படித்தான். அதனால ஒவ்வொரு காயா பறிங்க.

அடையாளம்: இலை ஒரே காம்புல 5, 7 இல்ல 9 சிற்றிலை, ஓரம் ரம்பப் பல். காம்பு அடியில ரெண்டு பக்கமும் சிறகு மாதிரி செதில் ஒட்டியிருக்கும். தண்டுல முள். காயை வெட்டினா சுணையும் நிறைய விதையும். நைட்ஷேட்டும் பிரையனியும் நசுக்கினா சாறு வழியும், உள்ள சுணை கிடையாது. ஹாதார்ன்னு ஒரு முள்மரம், அதோட சிவப்புப் பழத்துக்கும் நுனியில கிரீடம் மாதிரி இருக்கும், ஆனா உள்ள ஒண்ணு ரெண்டு கல்லு மாதிரிக் கொட்டைதான். அது நஞ்சில்ல, ஆனா நீங்க தேடுறது அது இல்ல.

நுனியில காஞ்ச புல்லி இதழ் இருந்தாத்தான் ரோஸ் ஹிப்னு சிலர் சொல்வாங்க. முழுசா நம்பாதீங்க. ரோசா ருகோசாவுல அது நிமிர்ந்து கடைசி வரைக்கும் நிக்கும். நாய் ரோஜான்னு சொல்ற ரோசா கேனினாவுல பழுக்கிறப்பவே உதிர்ந்து வெறும் வடு மாதிரிப் புள்ளிதான் மிஞ்சும்.

ருகோசா காய் குட்டித் தக்காளி சைஸ், சதை கனம், சுரண்டுறதும் சுலபம், பச்சையா ஊறல் போட அதுதான் லாயக்கு. ஆனா தண்ணி அதிகம், முழுசா காய வைக்கவே முடியாது. கேனினா சின்னது, நீளம், சதை மெலிசு, காய வைக்க நல்லா வரும். மல்டிஃப்ளோரா பட்டாணி அளவுதான் இருக்கும், அதைச் சுரண்ட உக்காந்தா பொழுது போயிடும், சல்லடை சொன்ன ரெண்டாவது வழிதான் அதுக்கு.

எப்ப பறிக்கிறது? காய வைக்கணும்னா உறைபனிக்கு முன்னாடி. முழுச் சிவப்பு ஏறி, அழுத்தினா லேசா மட்டும் அமுங்கணும். பச்சையா ஊறலோ சிரப்போ போடணும்னா ஒரு உறைபனி பட்டது நல்லது, செல் உடைஞ்சு சாறு சுலபமா இறங்கும், இனிப்பும் தெரியும். ஃப்ரீசர்ல ஒரு ராத்திரி வெச்சாலும் அதே பதம் வந்துடும். கையால இழுத்தா காம்புப் பக்கம் கிழிஞ்சு அங்கதான் அழுகல் ஆரம்பிக்கும், கத்தரியால கொஞ்சம் காம்போட வெட்டுங்க. தோலில பழுப்புத் திட்டோ துளையோ இருந்தா உள்ள பழ ஈயோட புழு இருக்கும், தள்ளிடுங்க. பறவைக்கும் கொஞ்சம் விட்டுட்டு வாங்க, பனிக்காலத்துல அதுகளுக்கு வேற போக்கு இல்ல.

வண்டி ஓடற ரோட்டோரம் வேண்டாம். பூவுக்காக வளர்த்த தோட்டத்து ரோஜாவும் வேண்டாம், வேர் வழியா செடி முழுக்கப் பரவற மருந்து அடிச்சிருப்பாங்க, கழுவினா போகாது.

---

வேலியோரம்

புரிகிறது. இலை, முள் எல்லாம் பொருந்துகிறது, காய் நீளவாக்கு, நுனியில் புல்லி இதழ் இல்லை. கேனினாதான் போலிருக்கிறது. உலர்த்துவது பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. உலர்த்தும் இயந்திரம் இல்லை, கேக் சுடும் அவன் (oven) மட்டும் உண்டு. பாட்டிலில் இருக்கும் பூக்காத முக்கால் பங்கைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? இன்னொன்று, முழுக் காயை ஃபிளாஸ்கில் இரவு முழுக்க ஊற வைத்தால் சுணை உள்ளேயே இருந்துவிடும், சுரண்டவே வேண்டாம் என்று படித்தேன். அது உண்மையா?

---

சருகு

பாட்டிலைக் காப்பாற்ற வழி இல்லை. மொத்தமும் குப்பைக்கு. நாலில் ஒன்றில் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் மற்றவற்றில் தெரியாத அளவில் இருக்கிறது. பூசணம் விட்டுவைக்கும் நச்சு கொதிநீருக்கும் அசையாது. பாட்டிலை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, முழுதாகக் காய்ந்தபின் எடுத்து வையுங்கள்.

முழுக் காய் ஏன் பூத்தது? அதன் தோல் மெழுகுப் பூச்சுள்ளது. நீர் வெளியேற வழி காம்புத் தழும்பும் நுனியும்தான். வெளிச்சதை காய்ந்து இறுகியதும் அந்த வழியும் அடைபடும், உள்ளே விதைகளுக்கிடையில் ஈரம் மாட்டிக்கொள்ளும். தட்டினால் வந்த சத்தம் தோலுடையது. பாட்டிலில் மூடியதும் அந்த ஈரம் எல்லாக் காய்க்கும் சமமாகப் பரவி, பூசணத்துக்குப் போதுமானதாகிவிடுகிறது.

அவனில் செய்வது: இரண்டாக வெட்டிய கூடுகளை வெட்டுமுகம் மேலே பார்க்க, ஒன்றையொன்று தொடாமல், கம்பித் தட்டில் பரப்புங்கள். 40 முதல் 45 டிகிரி. பல அவன்கள் 50-க்குக் கீழே இறங்காது, அப்போது கதவில் மரக்கரண்டியைச் செருகி இரண்டு விரல் திறந்து வையுங்கள். கதவு திறந்திருப்பது சூட்டுக்காக மட்டுமில்லை, ஈரக் காற்று வெளியே போகவும் அதுதான் வழி. 10 முதல் 15 மணி நேரம் ஆகும், சதைக் கனத்தைப் பொறுத்து. நடுவில் நிறுத்தி மறுநாள் தொடரலாம், ஆனால் அந்த இடைவெளியில் மூடி வைக்கக் கூடாது. வேகமாக முடிக்கலாம் என்று 80, 90 வைத்தால் சர்க்கரை கருகிப் பழுப்பாகும், ஊறலில் கருகல் வாடை வரும். நேர் வெயிலில் நிறமும் வைட்டமினும் மங்கும்.

பதம் பார்க்க ஒரு துண்டை வெளியே எடுத்து 5 நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டில் எல்லாமே மெத்தென்று இருக்கும், அதை நம்பி இன்னும் காயவில்லை என்று விடுபவர்களும் உண்டு, காய்ந்துவிட்டது என்று ஏமாறுபவர்களும் உண்டு. ஆறியதை வளைத்தால் டக்கென்று ஒடிய வேண்டும். பீங்கான் தட்டில் போட்டால் கூழாங்கல் விழுந்த சத்தம் வர வேண்டும். தோல் செருப்பு மாதிரி வளைந்தால் இன்னும் 2 மணி நேரம். சுத்தம் செய்த 100 கிராம் கூடு 30 முதல் 40 கிராமுக்கு வந்து நிற்கும். 50-இல் நின்றால் தராசைச் சந்தேகிக்காதீர்கள், காயைச் சந்தேகியுங்கள்.

உடனே மூடி அலமாரியில் வைத்துவிட வேண்டாம். கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு நிரப்பி மூடி, 7 நாள், நாளுக்கு ஒருமுறை குலுக்குங்கள். துண்டுகள் கலகலவென்று தனித்தனியாக உருள வேண்டும். உட்சுவரில் ஆவி படிந்தாலோ துண்டுகள் ஒட்டினாலோ அன்றைக்கே மறுபடி அவனுக்கு. ஏழு நாள் தாண்டினால் இருட்டில், குளிர்ந்த இடத்தில் ஒரு வருடம் தாங்கும். கொரகொரப்பாக உடைப்பதைக் குடிக்கும் வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் செய்யுங்கள். உடைத்த துண்டில் மணமும் வைட்டமினும் சீக்கிரம் போகும்.

---

கொதிநிலை

ஃபிளாஸ்க் பற்றி. நீங்கள் படித்தது பாதி உண்மை. தோல் கிழியாத முழுக் காயிலிருந்து சுணை அவ்வளவாக வெளியே வராது. ஆனால் இரவு முழுக்க ஊறியதில் சில காய்கள் வெடிக்கும், ஊற்றும்போது கரண்டியால் அழுத்தினால் இன்னும் சில. கடைசியில் துணியில் வடித்தே ஆக வேண்டும். அதைவிட முக்கியமாக, முழுக் காயின் உள்ளே என்ன இருக்கிறது என்பது உடைத்தால்தான் தெரியும். உங்கள் பாட்டிலே அதற்குச் சாட்சி. வெட்டி உலர்த்திய துண்டையே ஃபிளாஸ்கில் போடுங்கள்.

1 லிட்டர் ஃபிளாஸ்குக்கு 15 முதல் 20 கிராம் உலர்ந்த துண்டு. முதலில் ஃபிளாஸ்கை வெந்நீர் ஊற்றி 5 நிமிடம் சூடேற்றிக் கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் சுவரே சூட்டைக் குடித்துவிடும். 90 டிகிரி நீர், அதாவது கொதித்து அடங்கிய 2, 3 நிமிடத்தில் ஊற்றுங்கள். துண்டுகள் ஊறி உப்பும், மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். 6 முதல் 8 மணி நேரம். அதற்கு மேல் வைத்தால் துவர்ப்பு ஏறுவதோடு, சூடு இறங்கிய ஊறல் கிருமிக்கு வெதுவெதுப்பான வீடாகிவிடும். வடித்ததை அன்றே குடித்து முடியுங்கள், மிஞ்சினால் ஃபிரிட்ஜில் மறுநாள் வரைதான்.

---

சல்லடை

கொதிநிலையோடு ஒரே ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. 6 மணி நேரம் தேவையே இல்லை. கொரகொரப்பாக உடைத்துச் சலித்த துண்டென்றால் 15 நிமிடத்திலேயே புளிப்பும் மணமும் பெரும்பகுதி இறங்கிவிடும். ஃபிளாஸ்க் முழுக் காய்க்கும் பெரிய துண்டுக்கும் ஏற்பட்ட வழி. காலையில் அடுப்பு மூட்டச் சோம்பலென்றால் வைத்துக்கொள்ளலாம், அது வேறு.

---

கொதிநிலை

பெக்டினை விட்டுவிட்டீர்களே. 15 நிமிடத்தில் வரும் நீர் தெளிவு, ஆனால் ஒல்லி. இரவு ஊறியது நாக்கில் கொஞ்சம் வழவழப்பாக நிற்கும். அது பிடிப்பவர்களுக்கு ஃபிளாஸ்க், பிடிக்காதவர்களுக்குச் சல்லடையின் 15 நிமிடம். இதில் சரி தவறு பார்க்க ஒன்றுமில்லை.

---

சருகு

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எல்லோரும் போவது அங்கேதான்: தேன், வினிகர், எண்ணெய்.

வினிகர் சுலபம். சுத்தம் செய்த பச்சைக் கூடு 200 கிராம், 5 சதவீத வினிகர் 500 மி.லி., இருட்டில் 3, 4 வாரம். துண்டு எதுவும் மேலே மிதந்து தலை நீட்டக் கூடாது, நீட்டிய இடத்தில்தான் பூக்கும். தகர மூடியை வினிகர் அரிக்கும், பிளாஸ்டிக் மூடி போடுங்கள். இருமுறை வடித்து, குடிக்கும்போது 250 மி.லி. தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி.

தேனில் பச்சைக் காய் போடாதீர்கள். காயின் நீர் தேனை நீர்க்கச் செய்து, சில நாளில் நுரைத்துப் புளிக்கும், மூடி இறுகியிருந்தால் பாட்டிலே வெடிக்கலாம். உலர்ந்த துண்டு 30 கிராம், தேன் 250 கிராம், இரண்டு மூன்று வாரம், நாள்தோறும் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். தேனை நெருக்கமான துணியில் வடிக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். அதனால் இதற்குப் போகும் துண்டில் சுணை ஒரு இழைகூட இருக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு எந்தத் தேனும் வேண்டாம், அது போட்யூலிசம் (கிருமி விடும் நஞ்சால் வரும் கொடிய நோய்) விவகாரம்.

எண்ணெயில் பச்சைக் காயை ஊற வைப்பதும் அதே காரணத்தால் கூடாது. காற்றில்லாத இடம், ஈரம், அறைச்சூடு மூன்றும் சேர்ந்தால் போட்யூலிசக் கிருமிக்கு அதைவிடச் சௌகரியம் இல்லை. முகத்துக்குப் பூசும் ரோஸ் ஹிப் எண்ணெய் விதையை ஆட்டி எடுப்பது. எண்ணெயில் காயை ஊற வைத்தால் அது வராது.

சிறுநீரகக் கல் வந்தவர்களும், உடலில் இரும்புச் சத்து அளவுக்கு மீறிச் சேரும் நோயுள்ளவர்களும் தினமும் குடிக்கும் முன் மருத்துவரைக் கேட்கவும். வைட்டமின் சி-யின் ஒரு பகுதி உடலில், பல சிறுநீரகக் கற்களில் இருக்கும் ஆக்சலேட்டாக மாறும், உணவிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவதையும் அது கூட்டும். மற்றவர்கள் ஒரே நாளில் நாலைந்து டம்ளர் குடித்தால் வயிறே சொல்லிவிடும்.

---

வேலியோரம்

ஃப்ரீசர் 600 கிராமில் பாதியைப் பாதி இறுகிய நிலையில் வெட்டிச் சுரண்டினேன், 205 கிராம் கூடு வந்தது. 25 கிராமுக்கு 250 மி.லி. கணக்கில் கொதிநீரில் போட்டு 15 நிமிடம். புளிப்பு தெரிகிறது, மணம் காய்ந்த ஆப்பிள் தோல் மாதிரி. தொண்டையில் ஒன்றும் இல்லை. ஒரே தொல்லை: காபித் தாளில் பாதி இறங்கியதும் சொட்டுவது நின்றுவிட்டது. பிழியவும் கூடாது என்கிறீர்கள். என்ன செய்வது?

---

சல்லடை

பெக்டின் தாளின் கண்ணை அடைத்துவிட்டது. உறைந்து இளகிய காயில் இது அதிகம். முதலில் சாதாரண டீ வடிகட்டியில் சக்கையை நிறுத்திவிட்டு, நீரை மூடி 10 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். கூழ் அடியில் படியும். மேல்நீரை மட்டும் மெதுவாகச் சாய்த்துத் தாளில் விடுங்கள், அடியிலுள்ள ஒன்றிரண்டு கரண்டியைக் கடைசியில் ஊற்றலாம் அல்லது விட்டுவிடலாம். நீர் சூடாக இருக்கும்போதே வடியுங்கள், ஆறினால் இன்னும் கெட்டியாகும். அப்படியும் நின்றால் தாளை மாற்றுங்கள், கரண்டியால் தாளின் அடியைக் கிளறாதீர்கள். அங்கே படிந்திருப்பதில்தான் சுணை இருக்கிறது.